தட்டு சாய்ந்திருந்தால் கண்டன்சர் கணக்கை எப்படிப் போடுவது?

பிளஸ் டூ புத்தகத்தில் வருகிற மின்தேக்கிகள், அதாவது கண்டன்சர்கள், எல்லாம் ரொம்ப ஒழுக்கமானவை. இரண்டு தட்டு, எங்கே அளந்தாலும் ஒரே இடைவெளி, ஒரு வரிச் சூத்திரம், கதை முடிந்தது. நுழைவுத்தேர்வுத் தாளிலும் பட்டறை மேசையிலும் அப்படி அமைவதில்லை. ஒரு தட்டு சாய்ந்திருக்கும், அல்லது தகடு நடுவில் வளைந்திருக்கும், இல்லையென்றால் பாதி இடத்தில் காற்றும் மீதியில் பிளாஸ்டிக்கும் இருக்கும். அப்போது பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான்: சராசரி இடைவெளி ஒன்றைக் கண்டுபிடித்து, அதே பழைய சூத்திரத்தில் போட்டுவிடுவது. அது எப்போது செல்லும், எப்போது செல்லாது, செல்லாவிட்டால் என்ன செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் அவிநாசிப் பக்கம் ஸ்பின்னிங் மில்களில் எலெக்ட்ரானிக்ஸ் மெயின்டெனன்ஸ் பார்க்கிறவன். வாத்தியார் இல்லை. அதனால் நிரூபணத்தை விட விடை சரியாக வருகிறதா என்பதில்தான் எனக்கு அக்கறை அதிகம்.

முதலில் சூத்திரத்தைக் கைக்கு அடக்கமாக ஆக்கிக்கொள்வோம். தேக்குத்திறன் (ஒரு வோல்ட்டுக்கு எவ்வளவு மின்னூட்டம் பிடிக்கும் என்பது) என்பது விடுதிறன் (நடுவில் உள்ள பொருளைப் பொறுத்த எண்) × பரப்பு ÷ இடைவெளி. வெற்றிடத்தின் விடுதிறன் மீட்டருக்கு 8.854 பிகோஃபாரட். காற்றுக்கும் இதையே போடலாம், பத்தாயிரத்தில் ஆறு பங்குதான் வித்தியாசம். பரப்பைச் சதுர சென்டிமீட்டரிலும் இடைவெளியை மில்லிமீட்டரிலும் எடுத்துக்கொண்டால் சூத்திரம் இப்படி ஆகிவிடும்:

பிகோஃபாரட் = 0.8854 × பரப்பு ÷ இடைவெளி

பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் தகடு இரண்டு, நடுவே 1 மி.மீ காற்று. 0.8854 × 100 ÷ 1, அதாவது 88.54 பிகோஃபாரட். இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வரைக்கும் இதை வைத்துத்தான் ஓட்டப்போகிறேன்.

இது எவ்வளவு சின்ன அளவு என்று தெரிய வேண்டுமானால் வீட்டுச் சீலிங் ஃபேனில் இருக்கும் 2.5 மைக்ரோஃபாரட் (ஒரு மைக்ரோஃபாரட் என்பது பத்து லட்சம் பிகோஃபாரட்) கண்டன்சரை எடுத்துக்கொள்ளுங்கள். 1 மி.மீ காற்று இடைவெளியோடு அதைச் செய்ய நினைத்தால் ஒவ்வொரு தட்டும் 282 சதுர மீட்டர் வேண்டும், கிட்டத்தட்ட ஏழு சென்ட் நிலம். அதே கண்டன்சர் கைக்குள் அடங்குவது எப்படி என்றால், உள்ளே இருப்பது காற்று அல்ல, சில மைக்ரான் கனமுள்ள பாலிப்ரோப்பிலீன் ஃபிலிம். 5 மைக்ரான் என்று வைத்து, அதன் ஒப்புமை விடுதிறன் (வெற்றிடத்தைப் போல எத்தனை மடங்கு விடுதிறன் என்பது) 2.2 என்று போட்டால் 80-க்கு 80 சென்டிமீட்டர் பரப்பு போதும், சுருட்டி டப்பாவில் அடைத்துவிடலாம். இடைவெளி வகுத்தியில் உட்கார்ந்திருப்பதுதான் இதில் எல்லா வித்தைக்கும் காரணம், எல்லா ரோதனைக்கும் காரணம்.

சாய்ந்த தட்டு

அதே 10 செ.மீ தகடுகள். ஒரு ஓரத்தில் இடைவெளி 1 மி.மீ, எதிர் ஓரத்தில் 3 மி.மீ, நடுவே நேராக ஏறுகிறது. கோபியில் பிளஸ் டூ படிக்கிற பக்கத்து வீட்டுப் பையன் இதைப் பார்த்தவுடன் கேட்டான்: "ஏனுங்க மாமா, ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்துட்டா 2 மில்லி. அப்படியே போட்டா ஆகாதுங்களா?"

ஆகாது கண்ணு. 2 மி.மீ போட்டால் 44.27 வரும். சரியான விடை 48.64. ஒன்பது விழுக்காடு குறைச்சல். சரி, இடைவெளிக்குச் சராசரி எடுக்காமல் தேக்குத்திறனுக்கே எடுக்கலாமே என்று 1 மி.மீக்கு 88.54, 3 மி.மீக்கு 29.51 எனக் கணக்கிட்டு இரண்டுக்கும் நடுவே பிடித்தால் 59.03 வருகிறது. அது இருபது விழுக்காடுக்கு மேல் அதிகம். ஆக இரண்டு சராசரியும் தப்பு, ஒன்று கீழே தள்ளுகிறது, இன்னொன்று மேலே தூக்குகிறது.

சரியான வழி வெட்டுவதுதான். தட்டை நீளவாக்கில் ஐந்து பட்டையாக வெட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றும் 2 செ.மீ அகலம், 20 சதுர சென்டிமீட்டர் பரப்பு. ஒவ்வொரு பட்டையின் நடுவில் இடைவெளி முறையே 1.2, 1.6, 2.0, 2.4, 2.8 மி.மீ. ஒரு பட்டைக்குள் இடைவெளி ஒரே மாதிரி என்று பாவித்துப் பழைய சூத்திரத்தையே போட்டால் 14.76, 11.07, 8.85, 7.38, 6.32 பிகோஃபாரட் கிடைக்கும். கூட்டினால் 48.38. சரியான விடைக்கு அரை விழுக்காடுதான் வித்தியாசம். நுண்கணிதம் தெரியாதவர்கள் இதோடு நிறுத்திக்கொண்டாலும் குடி முழுகிப் போய்விடாது.

ஏன் கூட்டினோம், ஏன் தலைகீழாக்கிக் கூட்டவில்லை என்று கேட்டால், எல்லாப் பட்டைகளின் மேல் முனையும் ஒரே மேல்தகடு, கீழ் முனையும் ஒரே கீழ்தகடு. எல்லாவற்றுக்கும் கிடைப்பது ஒரே மின்னழுத்த வேறுபாடு. ஒரே வாய்க்காலில் வரிசையாக இருக்கிற மடைகள் மாதிரி, நீர்மட்டம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், எந்த மடை எவ்வளவு எடுக்கிறது என்பது அந்தந்த மடையின் அளவைப் பொறுத்தது. இதுதான் பக்க இணைப்பு, அதனால் நேரடிக் கூட்டல். எந்தக் கணக்கிலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே: நான் வெட்டிய துண்டுகள் அழுத்தத்தைப் பங்கு போடுகின்றனவா, மின்னூட்டத்தைப் பங்கு போடுகின்றனவா? மின்னூட்டம் பங்கு பிரிந்தால் நேராகக் கூட்டு, அழுத்தம் பங்கு பிரிந்தால் தலைகீழாக்கிக் கூட்டு.

பட்டைகளை ஐந்துக்குப் பதில் எண்ணற்றதாக ஆக்கினால் தொகையிடல் வந்துவிடும். இடைவெளி நேர்கோட்டில் ஏறுவதால் ஒன்றின் கீழ் நேர்கோட்டைத் தொகையிட்டால் மடக்கை. முடிவு இதுதான்:

பிகோஃபாரட் = 0.8854 × பரப்பு × மடக்கை(பெரிய இடைவெளி ÷ சிறிய இடைவெளி) ÷ (பெரிய இடைவெளி − சிறிய இடைவெளி)

மடக்கை என்பது இங்கே இயல் மடக்கை. கால்குலேட்டரில் 'லாக்' என்று இருக்கிற பொத்தானை அழுத்தாதீர்கள், 'எல்என்' பொத்தானை அழுத்துங்கள். 3-க்கு இயல் மடக்கை 1.0986. 0.8854 × 100 × 1.0986 ÷ 2 = 48.64. இடைவெளி இரண்டும் சமமாகிவிட்டால் சூத்திரம் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்கச் சொல்லும், அப்போது பழைய சூத்திரத்துக்கே போய்விடுங்கள்.

எப்போதெல்லாம் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? சாய்வு கம்மி என்றால் தேவையே இல்லை. சராசரி இடைவெளியிலிருந்து ஓரங்கள் எவ்வளவு விலகுகின்றன என்பதை விகிதமாக எடுத்து, அதை வர்க்கப்படுத்தி மூன்றால் வகுத்தால், சராசரி முறையில் எவ்வளவு குறைகிறது என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். ஓரங்கள் 0.9, 1.1 மி.மீ என்றால் விகிதம் 0.1, வர்க்கம் 0.01, மூன்றில் ஒரு பங்கு என்பது ஒரு விழுக்காட்டில் மூன்றில் ஒன்று. விட்டுத் தள்ளலாம். மேலே எடுத்த 1, 3 கணக்கில் விகிதம் 0.5. அங்கே விட முடியாது. இன்னொன்றும் கவனியுங்கள், சாய்வு எந்தப் பக்கம் இருந்தாலும் சரியான விடை சராசரி இடைவெளி விடையை விட எப்போதும் கூடுதலாகத்தான் இருக்கும், ஒருபோதும் குறையாது. நெருங்கிய பக்கம் சேர்க்கிறது அதிகம், விலகிய பக்கம் இழக்கிறது குறைவு. பரீட்சையில் விடை குறைந்து வந்தால் எங்கேயோ கோட்டை விட்டிருக்கிறீர்கள்.

கோணம் பெரிதாக இருந்தால் வேறொரு விஷயம் உண்டு. சாய்ந்த தட்டுகளுக்கு நடுவே புலக்கோடுகள் நேராகப் போகாது, இரண்டு தட்டையும் நீட்டினால் சந்திக்கிற இடத்தை மையமாக வைத்து வில்லாக வளைந்து போகும். அதனால் நேர் உயரத்துக்குப் பதில் வில்லின் நீளத்தைப் போட வேண்டும். பத்து டிகிரி வரைக்கும் இதனால் ஒரு விழுக்காடுதான் மாறும். 45 டிகிரிக்குப் போனால் 27 விழுக்காடு. நாம் எடுத்த தகடுகளின் சாய்வு ஒரு டிகிரி சொச்சம்தான், கவலை வேண்டாம்.

படிக்கட்டும் வளைவும்

பாதித் தகட்டில் 1 மி.மீ, மீதிப் பாதியில் 3 மி.மீ என்று படியாக இருந்தால் இரண்டையும் தனித்தனியே போட்டுக் கூட்டுங்கள்: 44.27 + 14.76 = 59.03. சற்று முன் தப்பு என்று சொன்ன அதே எண் இங்கே சரியான விடை. இதற்கு மேல் படிக்கட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

வளைந்த தகடு கொஞ்சம் சுவாரசியம். மெல்லிய அலுமினியத் தகடு உப்பிப்போய் நடுவில் 1 மி.மீ, இரண்டு ஓரத்திலும் 2 மி.மீ இடைவெளி இருக்கிறது, நடுவிலிருந்து விலகும் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இடைவெளி கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தொகையிட்டால் மடக்கைக்குப் பதில் நேர்மாறு டேன்ஜென்ட் வரும், இந்த எண்களுக்கு அது அழகாக பையின் நான்கில் ஒரு பங்கு, 0.7854. விடை 88.54 × 0.7854 = 69.54 பிகோஃபாரட். சராசரி இடைவெளி ஒன்றே முக்கால் அல்ல, ஒன்றரையும் அல்ல, ஒன்றும் மூன்றில் ஒரு பங்கும். அதைப் போட்டால் 66.4 வரும்.

ஆனால் நிஜத் தகடு உங்கள் வசதிக்கு வர்க்கமாக வளையாது. அப்போது நான் கையாளுகிற வழி சிம்ப்சன் விதி. பட்டறையில் இருக்கிற ஃபீலர் கேஜை (இடுக்கில் நுழைத்து அளக்கிற மெல்லிய தகடுகள்) எடுத்து ஒரு ஓரம், நடு, மறு ஓரம் என்று மூன்று இடத்தில் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். மூன்றையும் தலைகீழாக்குங்கள். நடுவில் வந்ததை நான்கால் பெருக்கி, ஓரத்து இரண்டையும் கூட்டி, ஆறால் வகுத்து, அதை 0.8854 × பரப்போடு பெருக்குங்கள். நம் சாய்ந்த தட்டுக்கு: 1, 1/2, 1/3. ஒன்று, நான்கு அரை, மூன்றில் ஒன்று, கூட்டினால் 3.333, ஆறால் வகுத்தால் 0.5556. விடை 49.19, சரியான விடையை விட ஒரு விழுக்காடு சொச்சம் அதிகம். மூன்றே மூன்று அளவுக்கு இது மோசமில்லை. தலைகீழாக்கிய பிறகுதான் சராசரி எடுக்க வேண்டும், அளந்த இடைவெளிகளுக்கு எடுத்துவிட்டுப் பிறகு தலைகீழாக்கினால் பழையபடி 44.27-க்கே போய்விடுவீர்கள். வளைந்த தகட்டில் ஒரு பாதிக்கு மட்டும் அளந்தால் போதும்: நடுவில் 1, பாதி வழியில் 1.25, ஓரத்தில் 2. சிம்ப்சன் 0.7833 தரும், உண்மை 0.7854.

கனத்தின் குறுக்கே மாறும்போது

இதுவரை இடைவெளி தட்டின் நீளவாக்கில் மாறியது. இப்போது தட்டுகள் இணையாகவே இருக்கின்றன, ஆனால் நடுவே ஒரு பலகை செருகியிருக்கிறது, அதாவது மேலிருந்து கீழே போகப் போகப் பொருள் மாறுகிறது. இங்கே அழுத்தம் அடுக்குகளுக்குள் பங்கு பிரிகிறது, அதனால் தொடர் இணைப்பு. நடைமுறையில் தலைகீழாக்கிக் கூட்டுவதை விடச் சுளுவான வழி, ஒவ்வொரு அடுக்கின் கனத்தையும் அதன் ஒப்புமை விடுதிறனால் வகுத்து, எல்லாவற்றையும் கூட்டி, அதையே இடைவெளி என்று பாவிப்பது. 1 மி.மீ இடைவெளியில் 0.5 மி.மீ கனமுள்ள, ஒப்புமை விடுதிறன் 4 ஆன தகடு செருகினால், காற்று 0.5, தகடு 0.125, மொத்தம் 0.625. விடை 88.54 ÷ 0.625, கிட்டத்தட்ட 141.7 பிகோஃபாரட். உலோகத் தகடு என்றால் அதன் கனத்தை அப்படியே கழித்துவிடுங்கள், 0.5 மட்டும் மிஞ்சும், 177 வரும்.

இந்தக் கூட்டலில் செருகிய தகடு மேலே ஒட்டியிருக்கிறதா, கீழே கிடக்கிறதா, நடுவே தொங்குகிறதா என்பதற்கு இடமே இல்லை. எங்கே இருந்தாலும் ஒரே விடை. மில்லில் நூலின் சீர்மையை அளக்கிற உஸ்டர் டெஸ்டர் இதனால்தான் வேலை செய்கிறது. அதில் இரண்டு மின்முனைகளுக்கு நடுவே நூல் ஓடும், நூல் எங்கே பருமனோ அங்கே தேக்குத்திறன் கூடும், எங்கே மெலிகிறதோ அங்கே குறையும், அந்த ஏற்ற இறக்கத்திலிருந்துதான் யூ பர்சென்ட், அதாவது நூல் எவ்வளவு சீரற்றது என்கிற விழுக்காடு, ரிப்போர்ட்டில் வருகிறது. ஓடுகிற நூல் ஆடாமல் இருக்காது. ஆனாலும் இரண்டு முனைக்கும் நடுவே புலம் சீராக இருக்கிற வரை அது மேலே ஆடினாலும் கீழே ஆடினாலும் கணக்கு ஏறக்குறைய மாறாது. ஸ்லைவருக்கு (முறுக்காத பருத்த பஞ்சுத் திரி) அகலமான இடைவெளி, ரோவிங்குக்கு (அதை மெலித்து லேசாக முறுக்கிய இழை) அதைவிடக் குறுகியது, நூலுக்கு இன்னும் குறுகியது என்று தனித்தனிப் பள்ளங்கள் வைத்திருப்பதும் இதே சூத்திரத்தால்தான். அகலமான பள்ளத்தில் மெல்லிய நூலை ஓட்டினால் மொத்தத்தில் அதன் பங்கு கண்ணுக்கே தெரியாது. பஞ்சுத் தூசி மின்முனையில் ஒட்டியிருந்தால் அதுவும் ஒரு அடுக்காகக் கணக்கில் சேர்ந்துவிடும். தண்ணீரின் ஒப்புமை விடுதிறன் 80 பக்கம் என்பதால் ஈரம் அதைவிட மோசம், அதற்குத்தான் டெஸ்டிங் ரூமில் 65 விழுக்காடு ஈரப்பதம் என்று அவ்வளவு பிடிவாதமாக வைத்திருக்கிறார்கள்.

குறுக்கே போகும் ஆப்பு: இரண்டு விடை வருகிற கணக்கு

இதுதான் ஆளை விழத்தாட்டுகிற கணக்கு, கொஞ்சம் நின்று பார்க்கலாம். தட்டுகள் இணை, இடைவெளி எங்கும் 1 மி.மீ. உள்ளே ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குச் சாய்வாகக் கோடு கிழித்தது போல, கோட்டுக்குக் கீழே ஒப்புமை விடுதிறன் 4 ஆன மின்காப்பு, மேலே காற்று. நீளவாக்கிலும் மாறுகிறது, கனத்தின் குறுக்கேயும் மாறுகிறது. எப்படி வெட்டுவது?

நிற்கிற பட்டைகளாக வெட்டினால், ஒவ்வொரு பட்டைக்குள்ளும் கொஞ்சம் காற்று, கொஞ்சம் மின்காப்பு, அவை தொடர் இணைப்பு. அப்புறம் பட்டைகளை எல்லாம் பக்க இணைப்பாகக் கூட்ட வேண்டும். பட்டையின் பயனுறு இடைவெளி ஒரு ஓரத்தில் 1 மி.மீ, மறு ஓரத்தில் 0.25 மி.மீ, நடுவே நேர்கோட்டில் குறைகிறது. அடடா, இது நாம் ஏற்கனவே போட்ட சாய்ந்த தட்டுக் கணக்கேதான். 0.8854 × 100 × மடக்கை(4) ÷ 0.75. மடக்கை 1.3863. விடை 163.7 பிகோஃபாரட்.

இன்னொருவர் படுக்கையாக வெட்டுகிறார். ஒவ்வொரு படுக்கை அடுக்கிலும் ஒரு பக்கம் காற்று, மறு பக்கம் மின்காப்பு, அவற்றைப் பக்க இணைப்பாகக் கூட்டி, பிறகு அடுக்குகளைத் தொடராகச் சேர்க்கிறார். கணக்கில் தப்பே இல்லாமல் போட்டால் அவருக்கு 88.54 × 3 ÷ 1.3863 வரும், அதாவது 191.6. பதினேழு விழுக்காடு அதிகம். இரண்டு பேரும் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள்.

படுக்கையாக வெட்டி, அடுக்கைத் தொடராகச் சேர்க்கும்போது நீங்கள் சொல்லாமல் ஒன்றை ஒப்புக்கொள்கிறீர்கள்: அந்த அடுக்கின் மேற்பரப்பு முழுவதும் ஒரே மின்னழுத்தம் என்று. அப்படி இருக்க வேண்டுமானால் ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே மெல்லிய உலோகத் தாள் ஒன்று வைத்திருக்க வேண்டும். தாள் இருந்தால் மின்னூட்டம் அதில் பக்கவாட்டில் ஓடி அழுத்தத்தைச் சமன் செய்யும், தேக்குத்திறன் கூடும். நிஜத்தில் தாள் இல்லை. காற்று உள்ள இடத்தில் அழுத்தம் சடாரென்று இறங்கும், மின்காப்பு உள்ள இடத்தில் மெதுவாக இறங்கும், ஒரே உயரத்தில் இரண்டு இடத்திலும் ஒரே அழுத்தம் இருக்கவே இருக்காது. நிற்கிற பட்டைக்காரரும் ஒன்றை ஒப்புக்கொள்கிறார், புலம் பக்கவாட்டில் சாயவே சாயாது என்று. அது உண்மையை விடக் குறைந்த விடையைத் தரும், படுக்கை வெட்டு கூடுதலான விடையைத் தரும், உண்மை இரண்டுக்கும் இடையில். ஆனால் நடுவில் சமமாக அல்ல. 10 செ.மீ நீளத்துக்கு 1 மி.மீ இடைவெளி என்றால் மின்காப்பின் சாய்ந்த பரப்பு தட்டுக்குக் கிட்டத்தட்ட இணைதான், புலம் சாய வழியில்லை, அதனால் 163.7 தான் நம்ப வேண்டிய எண். தேர்வுத்தாளிலும் இடைவெளி தட்டை விட ரொம்பச் சிறியது என்று ஒரு வரி சும்மா போட்டிருக்க மாட்டார்கள். இடைவெளியும் தட்டின் நீளமும் ஒரே அளவுக்கு வந்துவிட்டால் இரண்டு வெட்டும் எல்லைகளை மட்டுமே சொல்லும், சரியான விடைக்குக் கம்ப்யூட்டரிடம்தான் போக வேண்டும்.

தட்டு நகர்ந்தால்

இடைவெளி நேரத்தோடு மாறுவது தனிக் கதை, ஆனால் ஒரு கேள்வியில் அடங்கிவிடும்: பேட்டரி இணைந்திருக்கிறதா, கழற்றிவிட்டதா? 88.54 பிகோஃபாரட்டை 100 வோல்ட்டுக்கு ஏற்றிவிட்டு, பேட்டரியைக் கழற்றி, இடைவெளியை 2 மி.மீ ஆக்கினால் மின்னூட்டம் மாறாது, அழுத்தம் 200 வோல்ட் ஆகும், உள்ளே இருக்கும் ஆற்றல் 0.443 மைக்ரோஜூலில் இருந்து 0.885-க்குக் கூடும். இழுத்த கை கொடுத்த வேலை அது. பேட்டரி இணைந்தே இருந்தால் அழுத்தம் மாறாது, மின்னூட்டம் பாதி ஆகும், ஆற்றல் 0.221-க்கு இறங்கும். இங்கே பையன்கள் மறுபடி தடுமாறுவார்கள், கை வேலை செய்தும் ஆற்றல் ஏன் குறைகிறது என்று. கை கொடுத்த 0.221-உம் மின்தேக்கி இழந்த 0.221-உம் சேர்ந்து பேட்டரிக்குத் திரும்பிப் போயிற்று, அவ்வளவுதான்.

கண்டன்சர் மைக் முதல் வழியைத்தான் பயன்படுத்துகிறது. வென்ட் என்பவர் 1916-இல் அமெரிக்காவில் உருவாக்கியது. மின்னூட்டம் மாறாமல் பார்த்துக்கொண்டால் அழுத்தம் இடைவெளிக்கு நேர்விகிதமாக மாறும், குரல் கோணாமல் வரும். 1962-இல் செஸ்லரும் வெஸ்ட்டும் மின்னூட்டத்தையே நிரந்தரமாகப் பிடித்துவைத்த எலெக்ட்ரெட் ஃபிலிமைக் கொண்டுவந்த பிறகுதான் இந்த வகை மைக் பட்டன் அளவுக்குச் சுருங்கி மலிவானது.

செல்போன் சாய்ந்தால் திரை திரும்புகிறதே, அதற்குள் இருக்கிற சென்சாரில் நடுத்தட்டு ஒன்று இரண்டு நிலையான தட்டுகளுக்கு இடையே ஆடுகிறது. ஒரு பக்கம் நெருங்கினால் மறுபக்கம் விலகும். இரண்டு தேக்குத்திறனின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வகுத்தியில் இருந்த இடைவெளி மாயமாகி, நகர்ந்த தூரம் ÷ ஆரம்ப இடைவெளி என்று நேர்கோடாகி நிற்கும். போட்டுப் பாருங்கள்: ஆரம்ப இடைவெளி 2, நகர்வு 0.5. 1/1.5, 1/2.5. வித்தியாசம் 0.2667, கூட்டு 1.0667, விகிதம் 0.25. அதேதான், 0.5 ÷ 2. பரப்பும் விடுதிறனும் தெரியாமலேயே விடை வந்துவிட்டதைக் கவனித்தீர்களா?

செய்து அளந்து பார்க்க

உக்கடம் பக்கம் பழைய இரும்புக் கடையில் தட்டையான அலுமினியத் தகடு கிடைக்கும், பத்துக்குப் பத்தாக இரண்டு துண்டு வெட்டிப் பிசிறை அரத்தால் தேய்த்துவிடுங்கள். இடைவெளிக்கு மைக்ராஸ்கோப் கண்ணாடிச் சில்லு நல்லது, ஒன்று ஏறக்குறைய 1 மி.மீ கனம். ஐந்து மில்லிமீட்டர் சதுரத் துண்டாக உடைத்து ஒரு ஓரத்து இரண்டு மூலையில் ஒன்று ஒன்று, எதிர் ஓரத்து மூலைகளில் மூன்று மூன்று அடுக்கினால் நம்முடைய 1, 3 சாய்வு தயார். பெரிய துண்டாக வைக்காதீர்கள், கண்ணாடியின் ஒப்புமை விடுதிறன் 6 பக்கம் என்பதால் இந்தச் சின்னத் துண்டுகளே சுமார் 3 பிகோஃபாரட் சேர்க்கும்.

மல்டிமீட்டரில் 2 நானோஃபாரட் ரேஞ்ச் இருந்தால் போதும், 1 பிகோஃபாரட் வரை காட்டும். ஆனால் மீட்டரின் ஒயர்களே பத்து இருபது பிகோஃபாரட் காட்டக்கூடும். ஆகவே ஒயர்களை இணைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் பிடித்து, தகட்டைத் தொடாமல் என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொண்டு, பிறகு தகட்டில் மாட்டி வருகிற எண்ணிலிருந்து கழியுங்கள்.

கழித்த பிறகும் 48.64 வராது. 55 பக்கம் வரும், வந்தால் சந்தோஷப்படுங்கள். 3 கண்ணாடிக்குப் போனது. மீதி ஓரத்தில் பிதுங்குகிற புலம். 10 செ.மீ குறுக்களவுள்ள வட்டத் தட்டுகளுக்கு இந்த ஓரப் புலம் 1 மி.மீ இடைவெளியில் 4 விழுக்காடும், 3 மி.மீ இடைவெளியில் 11 விழுக்காடும் கூட்டும். சதுரத்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான். பிகோஃபாரட்டாகப் பார்த்தால் இரண்டிலும் மூன்றரை பக்கம். அதாவது சராசரிக்கும் மடக்கைக்கும் உள்ள வித்தியாசமும் ஓரப் புலமும் ஒரே அளவுள்ளவை. ஒரே ஒரு அளவை வைத்துக்கொண்டு மடக்கைச் சூத்திரம் சரி என்று யாரும் நிரூபிக்க முடியாது. அதற்கு முதலில் நான்கு மூலையிலும் இரண்டிரண்டு சில்லு வைத்து 2 மி.மீ இணைத் தட்டாக அளந்துகொள்ளுங்கள், அப்புறம் சாய்த்து அளங்கள். ஓரப் புலமும் ஒயரும் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே, கண்ணாடியின் பங்கு மட்டும் சாய்ந்ததில் ஒரு பிகோஃபாரட்டுக்குள் கூடும். மீட்டரில் நாலைந்து பிகோஃபாரட் ஏற்றம் தெரிய வேண்டும். அளக்கும்போது மேசை மரமாக இருக்கட்டும், கையைத் தகட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், இரண்டு அளவுக்கும் நடுவே ஒயர் நகர்ந்துவிட்டால் முதலில் கழித்த எண்ணை மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள்.